ஒழுகலில் தொடங்கி தூண்வரை: வீட்டுப் பழுது ஏன் வளர்ந்துகொண்டே போகிறது?

"சின்ன ஒழுகல்தானே, ரெண்டு நாள்ல முடிஞ்சிடும்" என்று தொடங்கும் வேலை, சிலிங்கைப் பிரித்ததும் நீண்டுவிடுகிறது. உள்ளே கரையான், பக்கத்துத் தூணில் விரிசல். போட்ட பட்ஜெட் பத்துவதில்லை.

ஏன் இப்படி?

தஞ்சோங் கிளிங் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் ஈரமும் கான்கிரீட்டுக்குள் இறங்கி இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கின்றன. துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் கான்கிரீட் உப்பி, வெடித்து விழும். மேலே சிமெண்ட் பூசி மறைத்தால், உள்ளே துரு தொடரும். செலவு தள்ளிப்போகும், குறையாது.

வேலைக்கு முன்...

• சுவரை இடிக்கவோ, வீட்டை நீட்டவோ போகிறீர்களா? 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி உள்ளூர் மன்றத்தின் அனுமதி தேவை.

• குத்தகையாளர் சிஐடிபி-யில் பதிந்தவரா என்று பாருங்கள்.

• முன்பணம் முழுவதையும் கொடுக்க வேண்டாம். வேலை முடிய முடியக் கொடுங்கள்.

• "இதையும் சேர்த்துச் செஞ்சிடலாம்" என்றால், விலையை எழுதி இருவரும் கையெழுத்திட்ட பிறகே சம்மதியுங்கள். பணம் அதிகம் கைமீறுவது இங்கேதான்.

தகராறு வந்தால்?

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். கட்டணம் 5 ரிங்கிட். பொதுவாக வழக்கறிஞர் வாதாட அனுமதியில்லை, நீங்களே பேசலாம். பிரச்சினை எழுந்த 3 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும்.

அங்கே உங்களுக்காகப் பேசப்போவது ரசீதும் படங்களும்தான். முதல் நாளிலிருந்தே எடுத்து வையுங்கள்.