ஒரு நிமிட வீடியோவில் வயல் உண்மையாக இருக்கட்டும்

மக்காச்சோளக் குருத்தில் ஓட்டை தெரிந்தால், வேளாண் அலுவலகத்துக்குப் போகும் முன்பே செல்போனில் வீடியோ தேடும் காலம் இது. டிக்டாக் 2020 ஜூனில் தடை செய்யப்பட்டது. அடுத்த சில மாதங்களில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. போனை நிமிர்த்திப் பிடித்தபடியே பார்க்கும் இந்தக் குட்டி வீடியோக்களைத் தயாரிக்க, இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. ‘மக்காச்சோளத்தில் படைப்புழு’ என்று தட்டினால் போதும். பேச்சு, குரல், படம் எல்லாம் தயார். வயலில் கால் வைக்கவே வேண்டியதில்லை.

அங்கேதான் ஆபத்து. இந்தக் கருவிகளை எந்த வேலைக்கு வைத்துக்கொள்வது, எந்த வேலையைத் தரக்கூடாது என்ற வரப்பை நாம் இப்போதே போட்டுக்கொள்ள வேண்டும்.

படைப்புழுவையே எடுத்துக்கொள்வோம். 2018-ல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, பெரம்பலூர், அரியலூர் மாவட்ட மக்காச்சோள விவசாயிகளைக் கலங்கடித்த புழு இது. வளர்ந்த புழுவின் தலையில், ஆங்கில ‘ஒய்’ எழுத்தைத் தலைகீழாகத் திருப்பியது போன்ற கோடு இருக்கும். வால் பக்கம், கடைசிக்கு முந்தைய கண்டத்தில் நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக அமைந்திருக்கும். இந்த அடையாளங்களை வைத்துத்தான் மற்ற புழுக்களிலிருந்து இதைப் பிரித்தறிகிறோம். கருவி வரைந்து தரும் புழு பார்க்கப் பளபளப்பாக இருக்கலாம். புள்ளிகள் சரியான இடத்தில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அந்தப் படத்தை நம்பி வேறு புழுவுக்கு மருந்து அடித்தால் பணமும் நாளும் வீண்.

மருந்தின் அளவு இன்னும் கவனமான விஷயம். எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. மருந்துக்குப் பரிந்துரை, லிட்டர் தண்ணீருக்கு 0.4 கிராம். பத்து லிட்டர் டேங்குக்கு 4 கிராம். பேச்சைக் கேட்டு வசனம் எழுதித் தரும் கருவி ‘புள்ளி’ என்ற ஒரு சொல்லை விட்டாலோ, ‘டேங்க்’ என்பதை ‘லிட்டர்’ என்று மாற்றினாலோ அளவு பத்து மடங்காகிவிடும். பிழை கருவியுடையது, நஷ்டமும் உடல்நலக் கேடும் தெளிப்பவருக்கு.

அதற்காகக் கருவிகளே வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுத்த வீடியோவில் வேண்டாத பகுதியை வெட்டுவது, காற்று இரைச்சலைக் குறைப்பது, வசனத்தைத் திரையில் போடுவது, எதை முதலில் சொல்லலாம் என்று வரிசைப்படுத்துவது ஆகியவற்றில் அவை நல்ல கையாள். வசனத்தை மட்டும் ஒருமுறை எழுத்தெழுத்தாகப் படித்துவிட வேண்டும். பயிர், பூச்சி, நோய், விளைச்சல் ஆகியவற்றைக் காட்டும் படம் வயலில் எடுத்ததாகவே இருக்க வேண்டும். அளவு, பரிந்துரையிலிருந்தே வர வேண்டும்.

‘எனக்கு கேமரா முன் பேச வராது, கருவியின் குரல்தான் வசதி’ என்பவர்கள் உண்டு. குறிப்பாகப் பெண் விவசாயிகள் பலர் முகம் காட்டத் தயங்குகிறார்கள். முகம் காட்ட அவசியமில்லை. குருத்தைப் பிரிக்கும் கைகளும் சொந்தப் பேச்சும் போதும். செந்தமிழும் தேவையில்லை, ஊர்ப் பேச்சுக்குத்தான் ஊரில் மதிப்பு. 2006-ல் பெங்களூருவில் தொடங்கிய டிஜிட்டல் கிரீன் திட்டம், உள்ளூர் விவசாயிகளையே படம் பிடித்து மற்ற விவசாயிகளுக்குக் காட்டியது. தம்மைப் போன்ற ஒருவர் செய்து காட்டுவதை மக்கள் நம்புகிறார்கள் என்பதே அதன் அடிப்படை.

ஆகவே ஒவ்வொரு வீடியோவிலும் நான்கு விவரம் இருக்கட்டும்: எந்த ஊர், எந்த ரகம், விதைத்து எத்தனையாவது நாள், எந்தத் தேதியில் எடுத்தது. காலை இளவெயிலில், போனை ஒரு முழ தூரத்தில் வைத்துப் பேசினால் படமும் குரலும் தெளிவாக விழும். முதல் காட்சியிலேயே பாதித்த செடியைக் காட்டுங்கள். மருந்து பற்றிப் பேசினால் டப்பாவின் லேபிளையும் காட்டுங்கள். செயற்கைக் காட்சி ஏதேனும் சேர்த்தால் அதைத் திரையிலேயே எழுதுங்கள். உண்மை போலத் தோன்றும் செயற்கைக் காட்சிகளைப் பதிவிடுவோர் அதைத் தெரிவிக்க வேண்டும் என யூடியூப் 2024 மார்ச்சில் அறிவித்திருக்கிறது.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். மருந்து, உரம் பற்றிய வீடியோவை வெளியிடும் முன் விவசாயி அனுப்பிச் சரிபார்த்துக்கொள்ள, வட்டாரத்துக்கு ஓர் அலுவலரை வேளாண் துறை பொறுப்பாக்க வேண்டும். ஒரு நிமிட வீடியோவைப் பார்த்துச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகலாம். அதுவரை, பார்க்கிற வீடியோவில் சந்தேகம் வந்தால் 1800-180-1551 என்ற கட்டணமில்லா உழவர் அழைப்பு மைய எண்ணில் கேட்டுவிட்டு மருந்தைக் கலக்குங்கள்.