‘உங்க நெட் சரியில்லை’ என்பது பதிலா?

ஆசிரியருக்கு,

பணம் கட்டும் பக்கம் திறக்கவில்லை என்று வாடிக்கையாளர் சொன்னால், இணையத்தில் கடை நடத்தும் சிறு வணிகர்கள் பலர் ‘உங்க நெட் சரியில்லை’ என்று கைகழுவிவிடுகிறார்கள். அவர்கள் கணினியில் அது திறக்கிறதாம்! நிர்வாகியாக உள்ளே நுழைந்து பார்ப்பவருக்குப் பல கோளாறுகள் கண்ணிலேயே படாது. வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில், இன்காக்னிட்டோவில் திறந்து ஒரு பொருளை வாங்கிப் பார்க்கட்டும். பக்கம் வெள்ளையாகவே நின்றால், கணினியில் எஃப்12 தட்டி கன்சோலைப் பார்த்தால் போதும். எந்த ஸ்கிரிப்ட் மக்கர் செய்கிறது என்று பெரும்பாலும் சிவப்பு எழுத்தில் காட்டிவிடும். புதிதாக அப்டேட் செய்த பிளகின் காரணமாக இருக்கலாம். தளத்தை வேகப்படுத்தப் போட்ட கேஷ், பணம் கட்டும் பக்கத்தின் பழைய பிரதியையே காட்டிக்கொண்டிருக்கலாம். எஸ்எஸ்எல் சான்றிதழ் காலாவதியாகியிருந்தால் பிரவுசரே வாடிக்கையாளரை வாசலில் மறித்துவிடும்.

பணம் போய், ஆர்டர் பதிவாகாத நிலை இதைவிட மோசம். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, அந்தத் தொகை 5 நாட்களுக்குள் தானாகவே கணக்குக்குத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, புகார் கொடுக்காமலே வர வேண்டும். இந்த விதியைக் கடைக்காரர்கள் தங்கள் தளத்தில் தமிழில் போட்டு வைக்க வேண்டும்.

– ஒரு வாசகர், ஈரோடு