ஒரே கம்பியில் மூன்று வேலை



அந்தக் காலத்தில் தோட்டத்து ஆபீசில் கறுப்பு டெலிபோன் ஒன்று இருக்கும். கரண்டு போனாலும் அது மட்டும் மணி அடிக்கும். காரணம் தெரியுமா? பேச்சு வந்த அதே கம்பியில், எக்ஸ்சேஞ்சின் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் மின்சாரமும் வந்தது.

இன்று பண்டமாரான் வீடுகளில் கேமரா மாட்டுவோர்க்கும் அதே யுக்திதான் கைகொடுக்கிறது. நெட்வொர்க் கேபிளுக்குள் 8 கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய 4 ஜோடிகள். படம், ஒலி, மின்சாரம் மூன்றும் அதிலேயே செல்லும். 2003-இல் இதற்கு விதி வகுத்தபோது 15.4 வாட், 2018-இல் 90 வாட் வரை உயர்ந்தது. மறுமுனையில் இருப்பது தகுந்த கருவிதானா என்று சோதித்த பிறகே பெட்டி கரண்டை விடும். மழை பெய்யும் வாசலுக்கு 230 வோல்ட் வயர் இழுக்க வேண்டியதில்லை.

ஆனால் தாய்மார்களே, மலிவு விலைக்கு மயங்காதீர்கள்! சில கேபிள்களில் அலுமினியத்தின் மேல் செப்பைப் பூசியிருப்பார்கள். அது அதிகம் சூடேறும். தூரம் கூடினால் கேமரா அணைந்து அணைந்து எரியும். கம்பியின் நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வாங்காதீர்கள். நல்ல கேபிளானாலும் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது.

பெட்டிக்கும் இணையக் கருவிக்கும் ஒரு பேட்டரி வையுங்கள். கரண்டு போனாலும் கேமரா விழித்திருக்கும். வேலைக்குப் போன பிள்ளைகள், வீட்டில் தனியாக இருக்கும் பாட்டியை அதில்தானே பார்க்கிறார்கள்? கம்பியில் மிச்சம் பிடிக்கும் சில வெள்ளி, அந்தப் பார்வையை மறைத்துவிட வேண்டாம்.