நரியைப் பொய்ச்சாட்சிக்கு இழுக்காதீர்



"இமயத்துச் செந்நரிக்கு 34 குரோமோசோம்கள், நம் நாட்டுக் குள்ளநரிக்கு 60. எண்ணிக்கையே ஒவ்வாத இரண்டும் எப்படி உறவாகும்? விஞ்ஞானம் இங்கேயே தோற்றுவிட்டது." பயான் மேடைகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் உலவும் வாதம் இது. எண்கள் சரியானவை. முடிவுதான் பிழை.

குரோமோசோம் என்பது மரபுச் செய்தியைக் கட்டிவைத்த இழை. நம் வீடுகளில் குர்ஆன் ஒரே கட்டாக இருக்கிறது. கத்தம் ஓதும் நாளில் 30 ஜுஸ்உகளாகப் பிரித்துக் கட்டியதும் வெளியே வருகிறது. இவை இரண்டு வேதங்கள் என்று எவரேனும் சொல்வாரா? (ஒப்புமை முழுமையானதன்று, மரபுச் செய்தியில் எழுத்தும் மாறும், இறைவேதத்தில் மாறாது.) செந்நரியின் வழியில் சிறு குரோமோசோம்கள் பல ஒன்றோடொன்று இணைந்து பெரியனவாயின. நாயின் 78 குரோமோசோம்களுக்குத் தனித்தனியே நிறமேற்றி, அவற்றுக்கு ஈடான பகுதிகள் செந்நரியின் 34இல் எங்கெங்கே ஒட்டியுள்ளன என்று ஆய்வகத்தில் கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள்.

எண்ணிக்கைதான் இனத்தைத் தீர்மானிக்கும் என்போர் பனிநரியை என்ன செய்வார்கள்? அவற்றுள் சிலவற்றுக்கு 50, சிலவற்றுக்கு 48. செந்நரியிலோ 34க்கு மேல் எட்டு வரை குட்டிக் குரோமோசோம்கள் இருக்கும், இல்லாமலும் இருக்கும். நம் மேற்குமலைக் கேளையாட்டில் பெண்ணுக்கு 6, ஆணுக்கு 7. அதன் சீனத்து உறவினத்துக்கு 46! இனி, நம் ஊர்ப்புறங்களில் இரவில் ஊளையிடும் நரிக்கு 78, நாய்க்குள்ள அதே எண்ணிக்கை. பெயரில் நரியென்றாலும் அது செந்நரியைவிட நாய்க்கே நெருங்கிய உறவு. 'நரி' என்ற ஒரு சொல்லை நம்பி வாதம் கட்டுவோர் இதையும் அறிந்திருக்க வேண்டும்.

இவ்வாதத்தைத் தேர்வுத்தாளில் எழுதும் பிள்ளை சில மதிப்பெண்களை இழப்பாள், அது போகட்டும். நாகர்கோவில் கல்லூரியொன்றில் விலங்கியல் வகுப்பில் அமர்ந்து, உஸ்தாத் சொன்னது தவறென்று அவள் அறியும் நாளில், அதே வாய் கற்பித்த தொழுகையையும் நோன்பையும் எந்தக் கண்ணோடு பார்ப்பாள்? மனிதப் படைப்பைக் குறித்த நம் அகீதா நரியின் குரோமோசோம் கணக்கின்மேல் நிற்கவில்லை. நிற்காத ஒன்றுக்கு முட்டுக்கொடுக்கப்போய் ஈமானையே ஆட்டங்காணச் செய்கிறார்கள் இந்தப் பேச்சாளர்கள்.

இடலாக்குடியிலும் திட்டுவிளையிலும் தக்கலையிலும் விலங்கியல் படித்த நம் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். மேடை ஏறுமுன் அவர்களில் ஒருவரிடம் கேட்டுக்கொள்வதில் எந்த ஆலிமுக்கும் இழுக்கில்லை.