மலிவு விலைக் காற்றழுத்த யந்திரம்: கொள்வார்க்குச் சில சொற்கள்

பொழுதுபோக்கு வீண்பொழுதன்று. ஏட்டுப் படிப்பின் இடையே கைக்கு ஒரு வேலையும் கண்ணுக்கு ஒரு பயிற்சியும் அளிக்கும் தொழில் எதுவாயினும் அஃது அறிவை வளர்ப்பதேயாகும். ஆயின் அத்தொழிலுக்குரிய கருவியைத் தேர்வதிலும் அறிவு வேண்டும் என்பதை நம்மிற் பலர் மறந்துவிடுகின்றோம். இது பற்றியே ஈண்டுச் சில சொல்லத் துணிந்தோம்.

வில்லியனூர்ச் சுடுமண் கைவினை புவிசார் குறியீடு பெற்ற பெருமையுடையது. அப்பகுதிக் கலைஞர் வி. கே. முனுசாமி அவர்கள் 2020ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றதை யாவரும் அறிவர். அவ்வூர்ப் பக்கத்திலிருந்தும் பாகூர்ப் பக்கத்திலிருந்தும் கல்லூரிக்கு வரும் மாணவர் சிலர், விடுமுறை நாட்களில் மண்ணுருவங்கள் செய்து வண்ணந் தீட்ட விழைகின்றனர். தூரிகையால் எளிதிற் காட்டவியலாத மெல்லிய நிறச்சாயலை ஏர்பிரஷ் என்னும் தெளிப்பான் காட்டும். அதற்கு அழுத்தமான காற்று வேண்டும். எனவே, கம்ப்ரஸர் என்று வழங்கும் காற்றழுத்த யந்திரங்களுள் மலிவானதும் எளிதில் தூக்கிச் செல்லத்தக்கதும் யாது என்னும் வினா எழுகின்றது.

இவ்வினாவிற்கு விடை காணாது நாமும் ஒருமுறை இழப்புற்றோம். விலை குறைவென்னும் ஒரே காரணத்தால், மோட்டார் வண்டியின் 12 வோல்ட்டு மின்சாரத்தில் ஓடி டயருக்குக் காற்றடைக்கும் சிறு கருவியொன்றை வாங்கிக் கொலுப் பொம்மைகளுக்கு வண்ணந் தெளிக்க முற்பட்டோம். கால் மணி நேரத்திற்குள் கருவி தொடவொண்ணாதபடி சூடேறிற்று. காற்று சீராக வாராமல் துடித்துத் துடித்து வந்தமையால் வண்ணம் புள்ளி புள்ளியாகச் சிதறிற்று. பல நாள் உழைப்பிற் செய்த பொம்மைகள் பாழாயின. கருவியின் மேற் குற்றமில்லை. அதன் வேலை வேறு, நாம் ஏவிய வேலை வேறு. பணம் போனது சிறிது. எடுத்த தொழிலில் ஊக்கம் போனதே பெரிது. மலிந்த கருவியால் மாணவர்க்கு நேரும் உண்மையான நஷ்டம் இதுவே என்பது நமது கருத்து.

கடைக்காரர் முதலிற் கூறுவது குதிரைத்திறனும் உச்ச அழுத்தமுமாகும். இவ்விரண்டையும் மட்டும் நம்புதல் தகாது. பாகூர் ஏரியை நினைமின். தென்பெண்ணையின் நீர் சொர்ணாவூர் அணையினின்று பங்காரு வாய்க்கால் வழியே வந்து அவ்வேரியிற் சேர்கின்றது. ஏரி எத்துணைப் பெரிதாயினும், வாய்க்காலில் வருவதினும் மதகிற் போவது மிகுமாயின் நாளடைவில் வற்றுமன்றோ? கம்ப்ரஸரின் தொட்டி ஏரி போன்றது. பம்பு வாய்க்கால் போன்றது. நமது தெளிப்பான் மதகு போன்றது. ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, “நமக்கு வேண்டும் அழுத்தத்தில் நிமிஷத்திற்கு எத்தனை லிட்டர் காற்று வரும்?” என்பதே. பெட்டியின் மேல் அச்சிட்ட லிட்டர்க் கணக்கு பெரும்பாலும் பம்பு உள்ளிழுக்கும் அளவேயன்றி வெளித்தரும் அளவன்று. வெளிவருவது அதனிற் கணிசமாகக் குறையும்.

ஏர்பிரஷுக்குச் சதுர அங்குலத்திற்கு 15 முதல் 30 பவுண்டு அழுத்தமும், நிமிஷத்திற்கு 10 முதல் 20 லிட்டர் காற்றும் போதும். ஆறிலொரு குதிரைத்திறனும் 3 லிட்டர்த் தொட்டியும் உடைய சிறு யந்திரம் இதனைச் செவ்வனே செய்யும். மேசை நாற்காலிகளுக்கு வண்ணமடிக்கும் பெரிய தெளிப்பானுக்கோ நிமிஷத்திற்கு 100 லிட்டருக்கு மேலும் வேண்டியிருக்கும். பிற்காலத்திற்கு உதவுமென்று 2 குதிரைத்திறன் யந்திரத்தை வாங்குவாரும் உளர். அது 1500 வாட்டுக்கு மேல் மின்சாரம் இழுக்கும்; வீட்டிலுள்ள 5 ஆம்பியர் பிளக்கோ 230 வோல்ட்டில் 1150 வாட்டே தாங்கும். அன்றியும் எண்ணெயில்லாத மலிவு யந்திரங்களின் இரைச்சல் அண்டை வீட்டாரின் உறக்கத்தைக் கெடுக்கும். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது இங்கும் பொருந்தும். சைக்கிள் டயர் ஒன்றே கருத்தாயின் கைப்பம்பே சாலும்.

பௌதிகம் பயிலும் மாணவர் கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். 1662இல் பாயில் வெளியிட்ட விதி நமக்குத் துணை. காலியான 24 லிட்டர்த் தொட்டியில் 8 பார் அழுத்தம் ஏற்ற, 24ஐ 8ஆற் பெருக்க வரும் 192 லிட்டர் வெளிக்காற்று வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே யந்திரத்தை ஓட்டுமின். 2 நிமிஷத்தில் நிரம்பினால் நிமிஷத்திற்குச் சராசரி 96 லிட்டர் என்பது தெளிவு. அச்சிட்ட எண்ணினும் இவ்வெண்ணே மெய்.

மலிவை நாம் வெறுப்பவரல்லோம். வர்ணப்பூச்சு, சக்கரம், கைப்பிடி இவற்றிற் சிக்கனம் நன்றே. ஆயின் தொட்டியிலும் ஸேப்டி வால்விலும் சிக்கனம் ஆகாது. 8 பார் அழுத்தமுள்ள 24 லிட்டர்த் தொட்டி திடீரென வெடிக்குமாயின், அதன் ஆற்றல் 50 கிலோ அரிசி மூட்டையை 30 மீட்டர் உயரம் தூக்கும் வேலைக்குக் குறையாது. ஆதலின் துருவேறிய பழந்தொட்டியை எவ்விலைக்கும் கொள்ளற்க. பழைய ரெப்ரிஜிரேட்டர்க் கம்ப்ரஸரைக் கொண்டு ஓசையற்ற யந்திரம் அமைப்போர் பிளாஸ்டிக் குழாயைத் தொட்டியாக்குதல் பெரும் பிழை. அது சில்லுச் சில்லாய்த் தெறிக்கும். கடலடுத்த நமது ஊர்க் காற்றில் ஈரம் மிகுதி. அமுக்கிய காற்றிலுள்ள ஈரம் தொட்டியில் நீராய்த் தங்கும். அடித்திருகைத் திறந்து வேலை முடிந்தவுடன் அந்நீரை வடித்துவிடல் வேண்டும். தவறின் வண்ணமுங் கெடும், தொட்டியும் உள்ளிருந்து அரிக்கும். காற்றை விளையாட்டாகவேனும் ஒருவர் உடம்பின்மேற் செலுத்தலாகாது. தெளிக்கும்போது முகமூடியும் திறந்த சாளரமும் இன்றியமையாதன.

இன்னொரு யோசனையும் உண்டு. இத்தகைய யந்திரம் ஒருவர் வீட்டில் வாரத்திற்கு ஒருநாளே ஓடும். மற்ற நாட்களில் மூலையிற் கிடக்கும். ஒரே ஊரினர் நால்வர் கூடி ஒன்றை வாங்குவாராயின், அதே பணத்தில் அழுத்தமானியும் நீர்வடிப்பானும் பொருந்திய நல்ல யந்திரம் கிடைக்கும். பழுது பார்ப்போரும் உதிரி உறுப்புக்களும் அருகே உளவா என்பதையும் வாங்குமுன் விசாரித்தல் நன்று. பெயரறியாத யந்திரத்தின் வால்வுத் தகடு ஒன்று முறிந்தால் முழு யந்திரமும் இரும்பு விலைக்கே போகும்.

ஆகவே மாணவ அன்பர்களே, முதலில் உங்கள் வேலையை அளந்துகொள்ளுங்கள். பின்னர் அதற்கு வேண்டுங் காற்றை அளந்துகொள்ளுங்கள். இறுதியாக விலையைக் கேளுங்கள். விலையை முதலிற் கேட்டமையால் பொம்மைகளை இழந்த நாம் கூறும் வார்த்தை இது.