வாயில்லா ஜீவனுக்கு ஊசியா?

நூறு மைல்! ஒரே நாள்! ஒரே குதிரை!

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில் நடக்கும் நெடுந்தூரக் குதிரைப் போட்டி இது. பெயர், "டெவிஸ் கோப்பை". 1955-ம் ஆண்டில் வென்டல் ராபி என்பவர் தொடங்கினார். சியரா நெவாடா மலையைத் தாண்டி, ஆபர்ன் என்ற ஊரை அடைய வேண்டும். 24 மணி நேரம்தான் கெடு. புறப்படும் குதிரைகளில் ஏறத்தாழ பாதிதான் போய்ச் சேரும்.

வழியில் கால்நடை டாக்டர்கள் காத்திருப்பார்கள். குதிரையின் நாடியைப் பார்ப்பார்கள். சற்று ஓடவிட்டு, கால் நொண்டுகிறதா என்று கவனிப்பார்கள். நொண்டினால் அதோடு சரி. மேலே போக முடியாது.

இங்கேதான் சிலருக்கு ஆசை வருகிறது. ஓர் ஊசி போட்டால் என்ன?

உப்பு வேறு, ஊசி வேறு

வெயிலில் ஓடும் குதிரைக்கு ஒரு மணி நேரத்தில் 10 முதல் 15 லிட்டர் வரை வியர்வை போகும். அந்த வியர்வையில் உப்பு மிக அதிகம். தண்ணீரும் உப்பும் சேர்ந்தே போய்விடுவதால், குதிரைக்குத் தாகம்கூடச் சரியாகத் தெரியாது. ஆகவே உப்புச் சத்துக் கொடுக்கிறார்கள். விதிகளும் அதை அனுமதிக்கின்றன. இழந்ததைத் திருப்பிக் கொடுப்பது குற்றமா?

அதற்கும் அளவு உண்டு. தண்ணீர் குடிக்காத குதிரைக்கு உப்பை மட்டும் புகட்டினால், உடம்பில் மிஞ்சிய நீரையும் அது குடலுக்கு இழுத்துவிடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு!

வலி மறைக்கும் மருந்தின் கதை வேறு. "பினைல்பூட்டசோன்" என்ற மருந்தைக் கொடுத்தால் நொண்டும் குதிரையும் நேராக நடக்கும். காயம் ஆறிவிட்டதா? இல்லை. வலி மட்டும்தான் மறைந்தது. வலி தெரியாத குதிரை அந்தக் காலையே ஊன்றி ஓடும். தசைநார் கிழியும். எலும்பும் முறியலாம்.

மனிதன் வலித்தால் "ஐயோ" என்பான். குதிரைக்கு நொண்டுவதுதான் பேச்சு. அந்தப் பேச்சையும் ஊசியால் அடக்குவது என்ன நியாயம்?

நோயுற்ற குதிரைக்கு மருந்து வேண்டாம் என்பதல்ல. கட்டாயம் கொடுக்க வேண்டும். கொடுத்தபின் லாயத்தில் ஓய்வும் கொடுக்க வேண்டும். மருந்தும் போட்டியும் சேரக் கூடாது.

1972-ல் தோன்றிய அமெரிக்க நெடுந்தூரக் குதிரைச் சவாரிச் சங்கமும் இதையே சொல்கிறது. குதிரை தன் சொந்தச் சக்தியால்தான் ஓட வேண்டும். ரத்தம், சிறுநீர் எடுத்துச் சோதிக்கிறார்கள்.

ஆபர்னில் இன்னொரு பரிசும் உண்டு. அது 1964 முதல் வழங்கப்படும் "ஹாகின் கோப்பை". முதல் பத்து இடங்களில் வந்த குதிரைகளை மறுநாள் சோதித்து, மிகுந்த நலத்தோடு இருக்கும் குதிரைக்கே கொடுக்கிறார்கள்.

முதலில் வந்தது எது என்று கேட்பது போட்டி. மறுநாளும் நன்றாக நிற்பது எது என்று கேட்பது மனிதத் தன்மை. ஊசியைக் கையில் எடுப்பவர், இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லட்டும்!