முதலில் சுக்கின் தோலைச் சீவுங்கள்!

"மூலிகைதானே, பக்க விளைவே கிடையாது!" மேட்டுப்பாளையம் நாட்டு மருந்துக் கடையானாலும் சரி, கோவை டவுன்ஹால் பக்கமானாலும் சரி, அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பொடி வாங்குபவர் யாராவது "ஏனுங்க, இது சுத்தி பண்ணுனதுங்களா?" என்று கேட்கிறாரா? கேட்டால்தானே விற்பவருக்கும் பயம் வரும்!

சித்த மருத்துவம் ஒருபோதும் இப்படிச் சொன்னதில்லை. சுக்குக்குத் தோலில் நஞ்சு, கடுக்காய்க்குக் கொட்டையில் நஞ்சு என்பது பாட்டிகளுக்கே தெரியும். அதனால்தான் சுக்கைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, கழுவி, தோல் சீவுகிறார்கள். எட்டிக்கொட்டையில் இருப்பது ஸ்ட்ரிக்னின் என்ற கொடிய விஷம். சேராங்கொட்டையின் சாறு பட்டாலே தோல் கொப்பளிக்கும். இவற்றுக்கெல்லாம் தனித்தனிச் சுத்தி முறைகள் உண்டு.

சீன மருத்துவமும் இதே கதைதான். நாவி இனக் கிழங்கை ஊறவைத்து, நன்றாக வேகவைத்த பிறகே மருந்தாக்குகிறார்கள். வேகும்போது அதிலுள்ள அகோனிட்டின் சிதைந்து விஷத்தன்மை குறைகிறது. சரியாக வேகாத கிழங்கால் ஹாங்காங்கில் பலர் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள்.

பிறகு ஏன் சுத்தியைத் தவிர்க்கிறார்கள்? கணக்கு எளிது. தோலும் கொட்டையும் போனால் எடை குறையும், கூலி ஏறும். லாபத்துக்காக விட்டுவிட்டு, அதற்குச் சித்தர் பெயரைச் சொல்வதுதான் கொடுமை.

சட்டம் இல்லாமலா? 2000ஆம் ஆண்டிலேயே சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்கு நல்ல உற்பத்தி முறை விதிகள் வந்துவிட்டன. எட்டி, சேராங்கொட்டை, நாவி மூன்றும் அரசின் நச்சுப் பொருள் பட்டியலில் உள்ளன. இவை சேர்ந்த உள்மருந்தின் மேல் 'மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ளவும்' என்று அச்சிட வேண்டும். எந்த மொழியில்? விதி கேட்பது ஆங்கிலமும் இந்தியும்! காரமடைப் பாட்டிக்கு யார் படித்துச் சொல்வது?

இன்னொன்று. பாஸ்டன் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் போன்றவை இருந்ததாக 2004இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. உடனே விழித்த நம் அரசு, 2006 ஜனவரி 1 முதல் கன உலோகச் சோதனையைக் கட்டாயமாக்கியது. யாருக்கு? ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துகளுக்கு! வெளிநாட்டுக்காரனின் சிறுநீரகம் மட்டும்தான் சிறுநீரகமா?

உரிம எண், தயாரித்த தேதி, தொகுதி எண் இல்லாத பொடியை வாங்காதீர்கள். சுத்தி செய்ததா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பாரம்பரியத்தைக் காப்பாற்றுகிறோம் என்று மேடையில் முழங்குபவர்கள் முதலில் சுக்கின் தோலைச் சீவட்டும். மற்றதைப் பிறகு பேசலாம்.